ஒரே வருஷத்தில் மூன்று பிறந்தநாள்

எங்கள் ரூமில் இருந்த மூத்தவளுக்கு பிப்ரவரியில் பிறந்தநாள் வந்தது. ஜூனில் மறுபடியும் வந்தது. இரண்டு தடவையும் அவள்தான் தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தியை ஊதினாள். இரண்டு தடவையும் சுற்றி நின்றவர்கள் கைதட்டிப் பாடினார்கள். "போன தடவைதானே ஊதினாய்?" என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான் என் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் எனக்கு அவர்கள் மேல் சந்தேகம் வந்தது என்று சொன்னால் அது பொய். சந்தேகம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அன்று அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கிடைத்தது.

நான் துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளீனராக வேலை செய்கிறேன். துப்புரவு கம்பெனிதான் எங்களை அங்கே அனுப்புகிறது, தங்க இடமும் கொடுக்கிறது. அல் குசைஸில் லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் நாலு மாடிக் கட்டடம். நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியபோது மேல் மாடியில் தமிழ்ப் பெண்கள் இருந்த ரூம் நிரம்பியிருந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கேம்ப் பாஸ் தமிழர்தான், தூத்துக்குடிக்காரர், என்னைவிடச் சின்னவர். "ரெண்டே மாசம் பொறுத்துக்கிடுங்கக்கா" என்று சொல்லி, ஐந்து பிலிப்பைன்ஸ் பெண்கள் இருந்த ரூமில் ஆறாவது கட்டிலைக் காட்டினார். அந்த இரண்டு மாசம் இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பள்ளிக்கூடத்தில் பத்தாவது படிக்கும்வரை டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்து நின்று அழுவேன். அப்படிப்பட்டவளைப் பாஷை தெரியாத ரூமில் போட்டால் என்ன ஆகும்? எங்களுக்குள் பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி, மீதி கை. அவர்கள் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன், ஆனால் அன்று அது அவ்வளவு சுலபமாகக் காதில் விழவில்லை. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கொஞ்சம் கழித்து அவர்கள் பாஷையில், மெதுவாக, வேறு ஏதோ தொடங்கும். என்னைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பேசியும் இருப்பார்கள்.

முதல் வாரத்திலேயே என்னிடம் அவர்கள் கேட்ட கேள்வி, "ஆத்தே, உன் பிறந்தநாள் எப்போ?" அவர்கள் பாஷையில் ஆத்தே என்றால் அக்கா. பிறந்த தேதியை யாரிடமும் சொல்லாதே, அதை வைத்துப் பாங்கில் ஏமாற்றுவார்கள் என்று போனுக்கு அடிக்கடி மெசேஜ் வருகிறது. இவர்கள் எதற்கு அதைக் கேட்கிறார்கள்?

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா?" மேல் கட்டிலில் இருந்த வாயாடி தலையை நீட்டினாள். ரூமில் எல்லோரையும் சிரிக்க வைப்பது அவள்தான். "எல்லாருக்கும் பிறந்தநாள் இருக்கு. ஏசுவுக்கே இருக்கு. நீ என்ன ஆகாயத்திலிருந்து விழுந்தியா?"

"எங்க ஊர்ல அப்படித்தான்" என்றேன். அது உண்மை. எங்கள் வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதி வாத்தியார் போட்டது. ஆனால் அதை எப்படி இங்கிலீஷில் விளக்குவது? ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்தநாளையே மறைக்கிறவள் வேறு என்னவெல்லாம் மறைப்பாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் நல்லது செய்யப் போய்க் கெட்டது. பிப்ரவரிப் பிறந்தநாளுக்கு அவர்கள் நூடுல்ஸ் மாதிரி ஒன்று சமைக்கத் தயாராக வைத்திருந்தார்கள். பன்சித் என்பார்கள். எல்லோரும் வேலையாக இருந்ததால் நான் கட்டைப் பிரித்து, சேமியாவை உடைப்பதுபோலக் கையால் உடைத்துப் பாத்திரத்தில் போட்டேன். வாயாடி அலறினாள். மூத்தவள் ஓடி வந்து உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நீளமான நூடுல்ஸ் நீளமான ஆயுசாம். பிறந்தநாள் அன்று அதை உடைத்தால் ஆயுசை உடைத்த மாதிரியாம். எனக்கு யார் சொன்னார்கள்? அன்று முழுக்க அவர்கள் என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை.

ஆனால் கேக் வெட்டுவதற்கு முன் அவர்கள் செய்ததைப் பார்த்து என் வருத்தமெல்லாம் போய்ச் சந்தேகம்தான் நின்றது. பிரிட்ஜிலிருந்து கேக்கை வெளியே எடுத்தார்கள். எல்லோருடைய போனையும் வாங்கி பிரிட்ஜுக்குள் வைத்து மூடினார்கள். வெளியிலிருந்து வந்த பெண்களும் மறுக்காமல் கொடுத்தார்கள். என்னுடையதையும் கேட்டார்கள். நான் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டேன். சத்தமாகப் பாடினார்கள். பாடி முடித்துவிட்டுச் சாயங்காலம் வரை ரகசியமாகப் பேசினார்கள். பிறந்தநாளில் இவ்வளவு ரகசியமாகப் பேச என்ன இருக்கிறது?

ஜூனிலும் அதேதான் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது மேல் ரூம் தமிழ்ப் பெண்களிடம் வாய் விட்டுச் சொன்னேன்.

"மதம் மாத்துற கூட்டமா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி. சீட்டுப் புடிக்கிறாளுங்க."

"பொறந்தநாளாம்ல? மாசாமாசம் பொறந்துக்கினே இருக்குமா அது? ஆஸ்பத்திரிக்காரனுக்கே அலுத்துப் போயிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவே நிற்கப் பிடித்திருந்தது. தமிழில் சிரிக்கிற சத்தம். கீழே ரூமில் நான் ரசம் வைத்தால் நானே குடிக்க வேண்டும். மேலே ஒரு கட்டில் கிடைத்தால் போதும் என்று அன்று வேண்டிக்கொண்டேன்.

அது கேம்ப் பாஸுக்கும் தெரிந்திருந்தது. அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"எக்கா, மேல ரூம்ல ஒரு கட்டில் காலியாவுது. உங்களுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நல்லதுங்க சார்."

"என்ன சார் மோருன்னுட்டு? தம்பின்னு கூப்பிடுங்கக்கா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். உங்க ரூம்ல என்ன நடக்கு? வாட்ச்மேன் சொல்லுதான், கும்பல் கும்பலா வாராளுவ, போறாளுவன்னு."

"கேக் வெட்டுறாங்க சார்."

"கேக்குதான் தெரியுதே. கேக்குக்குப் பொறவு?" குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊர்ல பெர்மிஷன் இல்லாம கூட்டம் போடப்பிடாது, சங்கம் வைக்கப்பிடாது. தெரியும்லா? நாளைக்கு ஒண்ணுன்னா ரூம்ல இருந்த எல்லாரையும் பிளைட் ஏத்திருவான். அதுல நீங்களும் உண்டு. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க. கட்டில் உங்களுக்கு. கலாஸ், அம்புட்டுதான்."

எனக்காகத்தான் சொல்கிறாரா, கம்பெனிக்காகவா, இல்லை தன் வேலைக்குப் பயந்தா என்று எனக்கு விளங்கவில்லை. என் மகன் பாலிடெக்னிக் கடைசி வருஷம். என்னைப் பிளைட் ஏற்றினால் அவன் படிப்பு நிற்கும். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஆட்டலை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் பாதி நாள்தான். மத்தியானம் ரூமுக்கு வந்தால் வாசலில் எங்கள் செருப்புகளோடு ஒரு புதுச் செருப்பு. ரோஸ் கலர் ரப்பர் செருப்பு, வீட்டுக்குள் பாத்ரூமுக்குப் போடுகிற வகை. ஒன்றில் வார் கிழிந்து ஊக்கு குத்தியிருந்தது. இதைப் போட்டுக்கொண்டு யாராவது வெளியே நடப்பார்களா?

உள்ளே மூத்தவளுடைய கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. ஆனால் மூத்தவள் சமையல் மூலையில் நின்று அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். அப்படியானால் திரைக்குள் இருப்பது யார்?

"கஸின்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"கஸினுக்கு நல்ல செருப்பு இல்லையா?"

அரிசி கழுவின கை நின்றது. அவள் என் பக்கம் திரும்பினாள். நரைத்த முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டியிருப்பாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் கோபப்படவில்லை.

"உட்கார், ஆத்தே" என்றாள். "இந்த ரூமில் ஒளித்து வைக்க இடம் இல்லை. நீ போய் அந்த ஆளிடம் சொல்லலாம். படிக்கட்டில் உன்னோடு அவன் பேசினது எங்களுக்குத் தெரியும். ஆனால் யாரைப் பற்றிச் சொல்லப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ."

திரைக்குள் இருந்த பெண் அல் ஐனில் ஒரு வீட்டில் வேலை செய்தவள். சமையல்கட்டுத் தரையில்தான் படுக்கை. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே பூட்டு. குப்பை போடக் கதவு திறந்த அன்று, குப்பைப் பையோடு அப்படியே நடந்துவிட்டாள். தெரு முனையில் ஒரு கடை. கல்லாவில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண் செருப்பைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் உட்கார வைத்துப் பக்கத்து பியூட்டி பார்லரில் ஒருத்திக்குச் சொன்னாள். அவள் ஒரு டிரைவருக்குச் சொன்னாள். இப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்து, கடைசியில் எங்கள் கம்பெனி யூனிபார்ம் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, டியூட்டி முடிந்து வரும் பஸ்ஸில் எங்கள் பெண்களோடு பெண்ணாக இறங்கியிருக்கிறாள். முன்னால் இருந்தவள் யார், பின்னால் இருப்பவள் யார் என்று ஒருத்திக்கும் முழுசாகத் தெரியாதாம். தெரியாமல் இருப்பதுதான் வழக்கமாம்.

"திங்கட்கிழமை எங்கள் நாட்டுத் தூதரக ஆபீஸ் திறக்கும்" என்றாள் மூத்தவள். "அங்கே பேசத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவளை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அதற்குள் பிடிபட்டால் ஓடிப்போனவள் என்று கேஸ். திரும்ப அந்த வீடு, இல்லாவிட்டால் ஜெயில்."

"எப்படிக் கொண்டுபோவீங்க? கீழே வாட்ச்மேன் இருக்கான், காமிரா இருக்கு."

"பிறந்தநாள்" என்றாள். "பத்துப் பேர் வருவார்கள், பதினோரு பேர் போவார்கள். கேக் சாப்பிட்டு விட்டுப் போகிறவர்களை யாரும் எண்ணமாட்டார்கள்."

அப்போதுதான் எனக்கு பிப்ரவரியும் ஜூனும் புரிந்தன. அப்போது வந்தவர்களை வேறு ரூமில் படுக்க வைத்திருந்தார்களாம். அந்த இரண்டு தடவையும் கூட்டத்தில் எந்த முகம் பதினோராவது முகம் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவள் அரிசியைக் குக்கரில் போட்டுக்கொண்டே பழைய கதை சொன்னாள். இளவயதில் ரியாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. அங்கே அப்போது அவர்களுக்குச் சர்ச் கிடையாது, கூட்டமாகக் கூட முடியாது. வெள்ளிக்கிழமை பத்தா கடைத்தெருவுக்கு எல்லோரும் வருவார்களாம். போன் கடை வாசலில் சாமான் வாங்குவதுபோல நின்றுகொண்டு செய்தி மாற்றிக்கொள்வார்கள். எந்த வீட்டில் எந்தப் பெண் அடி வாங்குகிறாள், யாருக்குச் சம்பளம் வரவில்லை, யார் கொஞ்ச நாளாகப் போனை எடுப்பதில்லை. வீட்டுக்குள் கூட வேண்டுமென்றால் பிறந்தநாள். கதவைத் தட்டுகிற போலீஸ்காரருக்கும் வீட்டில் பிள்ளை இருக்கும், கேக்கைப் பார்த்தால் கொஞ்சம் தயங்குவார்.

"எங்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வருஷத்தில் ஆறு பிறந்தநாள்."

மேல் கட்டிலிலிருந்து வாயாடி, "அதனாலதான் சீக்கிரம் கிழவி ஆயிட்டா" என்றாள்.

அப்படிச் சேர்த்த செய்தியை ஊருக்கு அனுப்பினார்களாம். இங்கே கத்த முடியாதவர்களுக்காக அங்கே அவர்களுடைய அம்மாக்கள் மந்திரி ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார்களாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று சட்டம் வந்தது, அடிபட்ட பெண்கள் தங்க இடம் வந்தது, எல்லாம் யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்ததல்ல என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

எங்கள் ஆட்களும் உதவி செய்யாதவர்கள் இல்லை. இங்கே ஒருவர் இறந்துபோனால், தேரா பக்கம் கடை வைத்திருக்கும் நம் கடற்கரை ஊர் பாய்மார்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி உடலை ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். முன்னே பின்னே தெரியாதவருக்காகக்கூட. பொங்கல் விழா நடத்துவார்கள், பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். ஆனால் உயிரோடு ஒருத்தி எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள் என்று இப்படித் தேடி வைத்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை.

இவ்வளவு கேட்டும் எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. அந்த வீட்டில் நகை ஏதாவது எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தால்? போலீஸ் வந்தால் நான் என்ன சொல்வேன்? மூத்தவள் கதை நன்றாகச் சொல்கிறாள். நன்றாகக் கதை சொல்கிறவர்களை நம்பி ஏமாந்தவர்களை ஊரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்?

சனிக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. மற்றவர்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். ரூமில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும். அவளைக் கண்காணிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். மத்தியானம் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கலாம். பிளீச் பவுடரில் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. எனக்கு அது தெரியும், கையுறை இல்லாமல் பிளீச்சில் கை வைத்தால் அப்படித்தான் ஆகும். நான் சோறும் வறுத்த கருவாடும் போட்டு நாற்காலியைக் காட்டினேன். தட்டை வாங்கிக்கொண்டு போய் பாத்திரம் கழுவுகிற தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். சட்டென்று தட்டை வைத்துவிட்டு நேராக நின்றாள். நான் உட்கார்ந்ததும் மறுபடியும் சாப்பிட்டாள். சோதித்துப் பார்க்கலாம் என்று இன்னொரு தடவை எழுந்தேன். மறுபடியும் தட்டைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு வந்தபோது கேம்ப் பாஸ் மறுபடியும் படிக்கட்டில் நின்றார்.

"என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"நாளைக்கும் பார்ட்டியாம்லா. வாட்ச்மேன்ட்ட சொல்லி வச்சிருக்காளுவ. யாருக்குப் பொறந்தநாளு?"

"தெரியலீங்க."

"ரூம்ல இருந்துட்டுத் தெரியலைங்கிய" என்று சிரித்தார். கேனை என் கையிலிருந்து வாங்கி மாடி வரை தூக்கி வந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். உதவியா, உள்ளே எட்டிப் பார்க்கவா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பலூன், பன்சித், கேக். அந்த கேக்கில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் எழுதியிருந்தது, யாருடைய பெயரும் இல்லை. இத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை. போன்கள் பிரிட்ஜுக்குள் போயின. உள்ளே வைத்து மூடினால் நாம் பேசுவது போனுக்குக் கேட்காதாம். என்னுடையதை யாரும் கேட்கவில்லை. நானே கொண்டுபோய் வைத்தேன். வாயாடி புருவத்தை மட்டும் தூக்கினாள்.

அல் ஐன் பெண்ணுக்குத் தலைவாரி, உதட்டில் சாயம் பூசி, யாருடைய பூப்போட்ட சட்டையையோ மாட்டி, கையில் தட்டைக் கொடுத்துக் கூட்டத்துக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். காலுக்கு மட்டும் ஒருத்தியுடையதும் பொருந்தவில்லை. என்னுடைய கறுப்புச் செருப்பு பொருந்தியது. மூத்தவள் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைக்கும் நேரம் கதவு தட்டப்பட்டது.

கேம்ப் பாஸ். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எல்லோரும் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார்கள். அவர் மூத்தவளைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "உனக்கா பர்த்டே? ஜூனில் முடிந்ததே" என்றார். தன் போனை எடுத்து ஆட்டினார். "எல்லாருடைய பாஸ்போர்ட் காப்பியும் என்னிடம் இருக்கிறது. இந்த மாதம் இந்த ரூமில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை. பிறகு யாருக்கு?"

அவர்கள் ஊரில் பிறந்த தேதி பிறந்த அன்றே எழுதப்பட்டுவிடும். அதில் பொய் சொல்ல இடமே இல்லை. வாயாடிக்கே வாய் வரவில்லை. அல் ஐன் பெண் எழுந்து நின்றுவிட்டாள். தட்டைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அதை வைத்துவிட்டால் கதை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

"எனக்குத்தான் தம்பி" என்றேன்.

என் குரல் எனக்கே வேற்றுக் குரலாகக் கேட்டது. அவர் திரும்பினார்.

"உங்களுக்கா? உங்களுக்கு மே மாசம்லாக்கா போட்டிருக்கு."

"அது வாத்தியாரு போட்டது தம்பி. ஸ்கூல்ல சேக்கப் போனப்ப தலைக்கு மேல கைய வளச்சுக் காதத் தொடச் சொன்னாரு. தொட்டுட்டேன். அஞ்சு வயசாயிடுச்சுன்னு மே மாசம்னு எழுதிட்டாரு. எங்கம்மா சொன்னது ஐப்பசி. ஏரி ஒடஞ்ச வருஷம், அடமழையில மருத்துவச்சி வரதுக்குள்ள நான் வந்துட்டேனாம்."

அவர் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்த மாதிரி இருந்தது.

"எனக்கும் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாவ" என்றார் மெதுவாக. "நான் பொறந்தது கார்த்திகை. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான்." உடனே குரல் மாறியது. "அப்பம் இத்தன வருஷமா ஏன் கொண்டாடல?"

"நம்மூர்ல யாரு தம்பி கொண்டாடுனாங்க? இதுங்கதான் வந்த நாள்லேருந்து உன் பொறந்தநாள் எப்போ, எப்போன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சுங்க."

அது உண்மைதான். நான் சொன்னதில் பொய் எங்கே இருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் எந்த நாள் என்று எனக்கே தெரியாது. அம்மாவும் சொன்னதில்லை.

"அப்பம் வெட்டுங்க" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நாங்கள் பேசினது மூத்தவளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள். எல்லோரும் பாடினார்கள். மெழுகுவர்த்தியை ஊதினேன், அணையவில்லை. மறுபடியும் ஊதினேன். எச்சில் தெறித்தது. வாயாடி, "ஆத்தே, கேக்கைக் குளிப்பாட்டாதே!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், கேம்ப் பாஸும் சிரித்தார். அல் ஐன் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான் வெட்டின முதல் துண்டை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்தையும் பார்த்தார்.

போகும்போது வாசலில் கொஞ்ச நேரம் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊக்கு குத்திய அந்த ரோஸ் செருப்பு நடுவில் கிடந்தது. எடுத்து மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டுவதற்கு முன் பெண்கள் கும்பலாக, பலூன்களோடு, கத்திப் பேசிக்கொண்டு இறங்கினார்கள். நான் கிரீடத்தோடு மாடிப்படியில் நின்று கையாட்டினேன். பொறந்தநாள்காரி வழியனுப்ப வேண்டுமாம். வாட்ச்மேன் எனக்கு ஹிந்தியில் வாழ்த்துச் சொன்னார். என் செருப்பைப் போட்டிருந்தவள் அவரைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். ரோஸ் செருப்பை மூத்தவள் ஒரு கவரில் சுற்றி வேறு ஒரு கட்டடத்தின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

ரூமுக்குள் வந்ததும் என்னிடம், "நீ சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றேன்.

சில வாரங்கள் கழித்து மூத்தவளின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. எனக்கும் போட்டுக் காட்டினாள். ஒரு பெண் ஏதோ பேசினாள், பின்னால் சேவல் கூவியது. அவள்தான், ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். எனக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை. என்னோடு இருந்த இரண்டு நாளில் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை.

மேல் ரூம் கட்டில் புதிதாக வந்த வேறு ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. கேம்ப் பாஸ் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பார்த்தால் "சாப்டாச்சாக்கா?" என்பார், அவ்வளவுதான். அவர் ரிப்போர்ட் செய்தாரா, செய்யவில்லையா? அந்தச் செருப்பைப் பார்த்தாரா, பார்த்தும் தள்ளினாரா? ஒவ்வொரு தடவை ஆபீஸிலிருந்து போன் வந்தாலும் இதற்குத்தான் என்று நினைப்பேன். மாதங்கள் போயின. எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

இந்த வருஷம் அக்டோபரில் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே முற்றத்திலிருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் கூப்பிட்டார்.

"எக்கா! ஐப்பசி பொறந்துட்டு. கேக்கு எப்பம்?"

மேல் ரூம் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்னக்கா, உனக்கும் அந்த வியாதி தொத்திக்கிச்சா?" என்று ஒருத்தி சிரித்தாள். நான் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். கிண்டலா? நான் மறந்துவிட்டேனா என்று பார்க்கிறாரா? இல்லை, வேறு ஏதாவது சொல்கிறாரா? அவர் முகத்தை அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம தம்பி" என்றேன்.

பிறந்தநாள் வைத்தாகிவிட்டது, இனி வருஷா வருஷம் வைத்துத்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை பன்சித்தை நானே செய்தேன். உடைக்காமல் முழுசாக வேகவைத்தேன். மூத்தவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். போன்கள் பிரிட்ஜுக்குள் போயின. கிரீடம் என் தலைக்கு வந்தது.

சுவரோரமாக எனக்குத் தெரியாத ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பெரிதாக இருந்த சட்டை, புதிதாக வாரிய தலை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. யார், எந்த ஊர், எங்கிருந்து வந்தாள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. தட்டில் நூடுல்ஸை நீளம் குறையாமல் எடுத்து வைத்து அவள் கையில் கொடுத்தேன். பிறகு நான் போய் உட்கார்ந்துகொண்டேன், அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று.